மழை சித்தூர்ல, ரயில் நிக்கிறது திருவலத்துல

கேள்வி: சார், காட்பாடியில இருந்து டெய்லி சென்னைக்கு ரயில்ல போய் வர்றவன் நான். 2021 டிசம்பர்ல கிறிஸ்துமஸ் நேரம், நம்ம ஊர்ல நல்லா வெயில் அடிக்குது, ஆனா பாலத்துல பிரச்சனைன்னு ரயில கேன்சல் பண்ணிட்டாங்க. மழையே இல்லாதப்ப பாலத்துக்கு என்ன சார் ஆகும்? (வாசகர், காட்பாடி)

பதில்: நல்லா ஞாபகம் இருக்குங்க. முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவுல பொன்னை ஆத்து மேல இருக்கிற ரயில் பாலம் அது. பொன்னை ஆறு ஆந்திராவுல சித்தூர் பக்கத்து மலையில இருந்து வருது, அங்க ராத்திரி கொட்டுனா மறுநாள் நமக்கு வானம் பளிச்சுனு இருக்கும்போதே ஆத்துல செம்மண் தண்ணி நொப்பும் நொரையுமா வந்து நிக்கும். அந்த வருஷம் நவம்பர்லயே பாலாறும் பொன்னையும் ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு, நாமளே போய் வேடிக்கை பார்த்தோமே.

தண்ணி பாலத்த தொடுதான்னு மேல மட்டும் பார்த்தா பத்தாதுங்க, தூணுக்கு அடியில மண்ண அரிக்குதான்னும் பார்க்கணும். வெள்ளம் ஓடும்போது அடியில நடக்கிறது கண்ணுக்கு தெரியாது, தண்ணி வடிஞ்சு வெயில் வந்த பிறகுதான் எங்க பள்ளம் விழுந்திருக்குன்னு தெரியும். தூண்ல கோடு போட்டு டேஞ்சர் லெவல் குறிச்சிருப்பாங்க, அடுத்த தடவை ஜன்னலோரம் உக்காந்தா கவனிச்சு பாருங்க. மழைக்காலத்துல ராத்திரி டார்ச்ச வெச்சுக்கிட்டு லைன் மேலயே நடந்து போறவங்க அந்தக் கோட்டத்தான் பார்த்துட்டு போறாங்க.

1956 நவம்பர்ல அரியலூர் பக்கத்துல மருதையாத்து வெள்ளத்துல ரயில் கவுந்து நூத்துக்கும் மேல உசுரு போச்சு, ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பெடுத்துக்கிட்டு ராஜினாமா பண்ணாரு. அத நினைச்சா ரெண்டு நாள் கேன்சல் எனக்கு பெருசா தெரியலைங்க. ஆனா பயணிக்கு முன்கூட்டியே தகவல் வரணும், அதுல நீங்க கோவப்படுறது நியாயம்தான். சித்தூர்ல எத்தனை சென்டிமீட்டர் பேஞ்சுது, மேல அணையில எவ்வளவு திறந்தாங்கங்கிற கணக்கு காட்பாடி ஸ்டேஷன் போர்டுலயும் ஓடணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றேன்.

கேள்வி: அண்ணா, சத்துவாச்சாரியில தெருவெல்லாம் முட்டி தண்ணி, ஆனா மறுநாள் பேப்பர்ல வேலூர்ல லேசான மழைன்னு போட்டிருந்தாங்க. பொய் சொல்றாங்களா? (வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: பொய் இல்லம்மா. மழைமானி இருக்கிற இடத்துல விழுந்த மழைதான் கணக்குல வரும், காலைல 8.30க்கு அளப்பாங்க, அதுக்கு முன்னாடி 24 மணி நேரம் பேஞ்சது மொத்தமா ஒரே நம்பர். நம்ம ஊரு சாயங்கால இடி மழை ஒரு மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் தூறக்கூட செய்யாது. 64.5 மில்லிமீட்டர் தாண்டுனாதான் கனமழைன்னு எழுதுவாங்க, ஆனா ஒரு மணி நேரத்துல 40 பேஞ்சாலே உங்க தெரு தாங்காது. வேலூர் 2008ல மாநகராட்சி ஆச்சு, அப்போ ஏரிக்கரையா இருந்த இடமெல்லாம் இப்போ நகர், ஆனா மழைமானி மட்டும் அதுக்கு ஏத்த மாதிரி பெருகல, இது எனக்கு பெரிய ஆதங்கம்மா. நீங்களே ஒண்ணு பண்ணுங்க, மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கிற டப்பாவ மொட்டைமாடில மரம், சுவர் மறைக்காத இடமா வெச்சு காலைல ஸ்கேல் விட்டு பாருங்க. ஒரு மில்லிமீட்டர்னா ஒரு சதுர மீட்டர்ல ஒரு லிட்டர். தேதி போட்டு நோட்டுல எழுதி வெச்சு வார்டு கவுன்சிலர்கிட்ட காட்டுங்க, கால்வாய் கேக்கும்போது கையில கணக்கு இருக்கட்டும்.

கேள்வி: மே மாசம் மத்தியானம் ஜோலார்பேட்டை போற வழில சில நாள் ரயில் ஆமை மாதிரி போகுதே, ஏன்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: பல காரணம் இருக்கும், அதுல ஒண்ணு வெயில். வெளிய 41 டிகிரின்னா தண்டவாளம் 60 வரைக்கும் ஏறும். சும்மா விட்டா ஒரு கிலோமீட்டர் இரும்பு 30 டிகிரி சூட்டுக்கு 35 சென்டிமீட்டர் கிட்ட நீளும். இப்போ இடைவெளி விடாம வெல்டு பண்ணிடறதால அது நீள வழியில்ல, தண்டவாளத்துக்கு அடியில குறுக்க கிடக்கிற ஸ்லீப்பர் கட்டையும் ஜல்லியும்தான் இழுத்துப் பிடிச்சுட்டு இருக்கு. ஜல்லி எங்கயாவது குறைஞ்சிருந்தா லைன் பாம்பு மாதிரி நெளிஞ்சுடும். அதனாலதான் ஸ்பீட குறைக்கிறாங்க, உச்சி வெயில்ல கீமேன்னு சொல்ற லைன் பார்க்கிற ஊழியர் ஒருத்தர் சுத்தியலும் ஸ்பேனரும் தூக்கிட்டு, தண்டவாளத்த ஸ்லீப்பரோட பிடிச்சு வெக்கிற கிளிப்ப தட்டிப் பார்த்துக்கிட்டே நடந்து போறாரு. ரயில் மெதுவா அவர தாண்டும்போது உங்க பாட்டில்ல தண்ணி இருந்தா நீட்டுங்க.