முதல் அத்தியாயத்தைத் தாண்டாத வாசகி

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 31 வயது. நிரந்தர வேலை இருக்கிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டிலும் சொல்லிக்கொள்ளும்படியான சண்டை சச்சரவு கிடையாது. இந்த நிலையில் இருந்துகொண்டு இதை ஒரு பிரச்சினை என்று எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சில மாதங்களாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு வயதில் முதல் மிகுபுனைவு நாவல் கையில் கிடைத்ததிலிருந்து, ஃபேன்டசி என்று என்னைப் போன்றவர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்த உலகத்தில்தான் என் ஓய்வு நேரம் முழுவதும் கழிகிறது. புத்தகத்தைத் திறந்ததும் முதல் வரியைப் படிக்க மாட்டேன். முன்பக்கத்தில் வரைபடம் இருக்கிறதா என்று தேடுவேன். எந்த மலைக்குப் பின்னால் எந்த நாடு, கடலோரத்தில் பெயர் எழுதாமல் விட்ட தீவு எது என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கதைக்குள் போவேன். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையை மூன்று படங்களாக எடுத்தார்களே, அவற்றில் 2001இல் வந்த முதல் படத்தை இருபது முறைக்கு மேல் பார்த்திருப்பேன். ஒன்பது பேர் கூடிப் புறப்படும் இடத்தில் இன்றும் எனக்குப் புல்லரிக்கும். 2003இல் வந்த மூன்றாவது படத்தை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

விளையாட்டுகளிலும் இதே நிலைதான். நாமே ஒரு கதாபாத்திரமாகி ஆடும் ரோல் பிளேயிங் கேம்களில் ஒரு மூலிகைக்காக அதே காட்டை நாற்பது தடவை சுற்றச் சொன்னாலும் சலிக்காமல் சுற்றுவேன். ஆனால் இருபது, இருபத்தைந்தாவது லெவலை எட்டியதும் ஏதோ ஒன்று தளர்ந்துவிடுகிறது. இந்த முறை வில்லாளியாகத் தொடங்கியிருக்கலாமே என்று தோன்றும். உடனே புதிய கேரக்டரை உருவாக்கிவிடுவேன். ஒரே விளையாட்டில் எனக்குப் பதினொரு கேரக்டர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடக் கடைசி பாஸின், அதாவது முடிவில் வரும் பெரிய எதிரியின், முகத்தைப் பார்த்ததில்லை. சென்ற மாதம், பாதியில் விட்ட ஆட்டத்தைச் சேமித்துவைத்த பழைய சேவ் ஃபைல் ஒன்றைத் திறந்தேன். என் மந்திரவாதி ஒரு கல்பாலத்தின் நடுவில் மழையில் நின்றுகொண்டிருந்தாள். பையில் பதினான்கு மருந்துக் குப்பிகள், யாருடையதோ ஒரு மோதிரம், எந்தக் கதவுக்கானது என்று தெரியாத ஓர் இரும்புச் சாவி. எங்கே போய்க்கொண்டிருந்தேன், யார் அனுப்பினார்கள் என்று எதுவும் நினைவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் நெருப்பு வரும் என்பதுகூட மறந்துபோயிருந்தது. ஓநாய் ஒன்று வந்து கடித்ததும் அணைத்துவிட்டேன்.

சொந்தமாக ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது ஆறு வருட ஆசை. அந்த உலகத்தின் வரைபடத்தை மெல்லிய பேனாவால் வரைந்து வைத்திருக்கிறேன். ஆறுகள் வழியில் ஒன்றோடொன்று சேருமே தவிர, கழிமுகத்தை நெருங்கும்வரை பொதுவாகப் பிரிந்து ஓடாது என்று தெரிந்துகொண்ட அன்று, என் பெரிய ஆறு நடுநாட்டில் இரண்டாகப் பிரிந்திருப்பதைக் கண்டு முழு வரைபடத்தையும் மறுபடி வரைந்தேன். மூன்று வாரம் ஆயிற்று; அந்த மூன்று வாரமும் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தேன். முதல் அத்தியாயத்தை ஐந்து நோட்டுகளில் ஒன்பது விதமாக எழுதியிருக்கிறேன். இரண்டாம் அத்தியாயம் எந்த நோட்டிலும் முடியவில்லை. பதவி உயர்வுத் தேர்வுக்கான படிப்பும் பாதியில் நிற்கிறது.

ஊக்கமூட்டும் காணொளிகளைப் பார்த்தாயிற்று. அன்றாட வேலைகளுக்குப் புள்ளிகள் கொடுத்து வாழ்க்கையையே விளையாட்டாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு செயலியையும் பத்தொன்பது நாட்கள் பயன்படுத்தினேன். "டிராகனைக் கொல்ல எட்டு மணி நேரம் உட்காருகிறாய், ஒரு விண்ணப்பத்தை நிரப்ப எட்டு நிமிடம் உட்கார முடியவில்லையா?" என்று அண்ணன் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போன வாரம் புதிய கேரக்டருக்கு மூக்கையும் தலைமுடியையும் ஒரு மணி நேரம் தேர்ந்தெடுத்துவிட்டு, விளையாடாமலே அணைத்தேன். அதுதான் பயமாக இருக்கிறது.

இது அடிமைத்தனமா? நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுகிறேனா? புத்தகம், படம், விளையாட்டு எல்லாவற்றையும் ஓராண்டுக்கு விட்டுவிட்டால் ஊக்கம் திரும்பி வருமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் வாசிப்பில் ஊக்கமில்லாத ஒருவரின் கடிதமாகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை அதிலுள்ள எண்களை மட்டும் தனியே குறித்துக்கொண்டேன்: முதல் படம் இருபது முறை, மூன்றாவது படம் இரண்டு முறை, கேரக்டர்கள் பதினொன்று, முதல் அத்தியாயங்கள் ஒன்பது, நோட்டுகள் ஐந்து. ஊக்கமில்லாதவர் ஒன்பது முறை தொடங்க மாட்டார். தொடங்குவதில் உங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. சொல்லப்போனால் அளவுக்கு மீறிய திறமை இருக்கிறது. நீங்கள் நிற்க முடியாமல் திரும்பிவிடும் இடம் நடுப்பகுதி.

தப்பி ஓடுவது பற்றிய கேள்விக்கு, உங்களுக்குப் பிடித்த டோல்கீனே ஒரு பதில் வைத்திருக்கிறார். 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையைப் பின்னர் விரிவாக்கி வெளியிட்ட கட்டுரையில், சிறைப்பட்டவன் தப்பிப்பதையும் படைவீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் கருதிக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்கிறார். நல்ல வேறுபாடுதான். ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டுமே முழுதாகப் பொருந்தவில்லை என்று எனக்குப் படுகிறது. நிஜத்திலிருந்து கற்பனைக்குத்தான் ஓடுகிறீர்கள் என்றால் அந்தக் கற்பனைக்குள்ளாவது கடைசிவரை போயிருப்பீர்கள். நீங்களோ டிராகனிடமிருந்தும் ஓடியிருக்கிறீர்கள். தேர்வுப் படிப்பிலும் விளையாட்டிலும் நாவலிலும் ஓட்டத்தின் திசை ஒன்றே: நடுவிலிருந்து தொடக்கத்துக்கு. ஆகவே புத்தகங்களையும் விளையாட்டுகளையும் ஓராண்டு ஒதுக்கிவைப்பதால், அதுவும் புதிய நோட்டின் முதல் பக்கம் போல இன்னொரு தொடக்கமாகிவிடுமோ என்றுதான் நான் அஞ்சுகிறேன்.

அடிமைத்தனம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டு சார்ந்த கோளாறு அதில் இடம்பெற்றிருக்கிறது. விளையாட்டின் மீதான கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முன்னுரிமை தருவது, தீங்கு நேர்வது தெரிந்தும் தொடர்வது ஆகியவை, வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கும் அளவில், பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களுக்காவது நீடித்திருக்க வேண்டும். ஒரு கடிதத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது; ஆனால் ஓநாய் கடித்ததும் அணைத்துவிட்டுப் போகிற உங்களிடம் அந்தப் பிடி தெரியவில்லை.

தொடக்கம் ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதற்கு, உங்கள் விளையாட்டின் கட்டமைப்பிலேயே பாதி விடை இருக்கிறது. பெரும்பாலான ரோல் பிளேயிங் கேம்களில் இரண்டாவது லெவல் சில நிமிடங்களில் வந்துவிடும். ஒவ்வொரு லெவலுக்கும் தேவைப்படும் அனுபவப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போவதால், இருபத்தைந்திலிருந்து இருபத்தாறுக்குப் போக ஒரு மாலைப்பொழுதுகூடப் போதாது. கைதட்டல் அதே கைதட்டல்தான், இடைவெளிதான் நீண்டுவிடுகிறது. புதிய கேரக்டரை உருவாக்கும் ஒவ்வொரு முறையும் அடிக்கடி கைதட்டு விழும் அந்த முதல் மணி நேரத்துக்கு நீங்கள் திரும்பிப் போகிறீர்கள். உங்கள் அண்ணனின் எட்டு மணி நேரக் கணக்குக்கும் இதில் விடை உண்டு: டிராகன் ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு இரத்தம் குறைந்தது என்று திரையில் காட்டும், விண்ணப்பப் படிவம் எதையும் காட்டாது.

மற்றப் பாதி அவ்வளவு எளிதானதல்ல. சொல்லலாமா என்று சற்றுத் தயங்கியே சொல்கிறேன். முதல் லெவலில் நீங்கள் வில்லாளியாகலாம், மந்திரவாதியாகலாம், இரண்டுமாகக்கூட ஆகலாம். இருபத்தைந்தில் அப்படியில்லை, நெருப்பைத் தேர்ந்தெடுத்தவளுக்கு வில் கைநழுவிவிட்டது. எழுதாத நாவலில் எந்த வாக்கியமும் தட்டையாக இருக்காது. இரண்டாம் அத்தியாயத்தை முடித்த கணத்தில் அது உலகத்திலுள்ள ஆயிரக்கணக்கான இரண்டாம் அத்தியாயங்களில் ஒன்றாகிவிடும், சுமாரானதாகவும் இருக்கலாம். வரைபடத்தைத் திருத்திய மூன்று வாரங்கள் மகிழ்ச்சியாக இருந்ததற்கு, அங்கே பிழை என்றால் என்ன, சரி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்ததும் ஒரு காரணம். ஆறு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று இயற்கை சொல்லிவிடுகிறது. ஒரு பாத்திரம் அடுத்து என்ன பேச வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

நீங்கள் இருபது முறை பார்த்த அந்தக் கதையும் நடுவில் நின்றுபோன கதைதான். 1937 டிசம்பரில் தொடங்கி, 1954, 55 ஆண்டுகளில் வெளியான நாவல் அது. ஒன்பது பேரும் கடந்துபோகும் மோரியா சுரங்கத்தில், பாலின் என்ற பாத்திரத்தின் கல்லறைக்கு அருகில் கதையை நிறுத்திவிட்டு, ஏறத்தாழ ஓராண்டு கழித்தே தொடர்ந்ததாக இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் எழுதியிருக்கிறார். ஒன்பது பேரும் ஓராண்டு இருட்டில் நின்றிருக்கிறார்கள். அவர் புதிதாக வேறு ஒன்பது பேரைக் கூட்டவில்லை என்பதுதான் நமக்கு இங்கே வேண்டிய செய்தி.

2006இல் ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரெஸ் ஆகிய இருவர் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கார் கழுவும் நிலையம் ஒன்றில், ஒவ்வொரு வருகைக்கும் ஒரு முத்திரை, நிரம்பினால் ஒரு முறை இலவசம் என்ற திட்டத்தில், சிலருக்கு எட்டு முத்திரைக் கட்டங்கள் கொண்ட வெற்று அட்டையையும், வேறு சிலருக்குப் பத்துக் கட்டங்களில் இரண்டு ஏற்கெனவே முத்திரையிடப்பட்ட அட்டையையும் கொடுத்தார்கள். இரு தரப்பினரும் இன்னும் எட்டு முறை வர வேண்டும். வெற்று அட்டை வாங்கியவர்களில் 19 சதவீதம் பேரும், மற்றவர்களில் 34 சதவீதம் பேரும் அட்டையை நிரப்பினார்கள். புதிய நோட்டு வாங்கும்போதெல்லாம் நீங்கள் முத்திரை விழுந்த அட்டையைக் கிழித்துப் போடுகிறீர்கள்.

அந்தச் செயலி பத்தொன்பது நாளில் அலுத்துப்போனதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளையாட்டில் புள்ளி, வாள் சரியாக விழுந்ததைச் சொல்கிறது. செயலியிலோ அது நீங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதைச் சொல்கிறது. காணொளிகளைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி, செய்ய வேண்டியவை. எட்டு வாரங்களுக்குப் புதிய நோட்டு வேண்டாம், புதிய கேரக்டர் வேண்டாம். விளையாடலாம், படிக்கலாம், தடையில்லை. ஐந்து நோட்டுகளில் இரண்டாம் அத்தியாயம் எதில் அதிக தூரம் போயிருக்கிறதோ அதை எடுங்கள். முதல் அத்தியாயம் எவ்வளவு மோசமாகத் தெரிந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். நாள், நேரம் எல்லாம் தீர்மானிப்பதைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு இதை முடிச்சுப் போடுவது எளிது: அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும், நோட்டைத் திறந்து கடைசியாக எழுதிய வாக்கியத்தை மறுபடி கையால் எழுதுவேன், அவ்வளவே. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர், 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்ற இவ்வகைத் திட்டங்களை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். வெறும் உறுதிமொழியைவிட இவை கூடுதலாக நிறைவேறுகின்றன. ஊக்கம் முதலில் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே, மனநிலை சரியாகும்வரை காத்திருக்காமல் சிறு செயலில் தொடங்கச் சொல்லும் முறை ஒன்று உண்டு.

நிறுத்தும்போது மூன்று வரிகள் எழுதி வையுங்கள்: எங்கே நிற்கிறேன், அடுத்து எங்கே போகிறேன், கையில் என்ன இருக்கிறது. விளையாட்டில், முடிக்க வேண்டிய பணிகளைக் காட்டும் குவெஸ்ட் பட்டியல் செய்யும் வேலை இது. பாலத்தின் நடுவில் நின்ற மந்திரவாதியிடம் இந்த மூன்று வரிகளும் இல்லாததால்தான் நீங்கள் அவளைக் கைவிட்டீர்கள். தேர்வுப் படிப்புக்கும் இதையே செய்யலாம்.

ஒன்றை மட்டும் நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கேரக்டரின் முகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு விளையாடாமல் அணைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பிடித்தவை எதிலும் ருசியில்லாத நிலை, அல்லது மனம் கனத்திருக்கும் நிலை, இரண்டு வாரங்களுக்கு மேல் அநேகமாக நாள் முழுவதும் நீடித்தால், அதனுடன் தூக்கமோ பசியோ மாறியிருந்தால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் சந்தியுங்கள். அது வேறு விஷயம். அதற்கு வேறு சிகிச்சை உண்டு.

அதுவரை, இந்த வாரக் கடைசியில் அந்தப் பழைய சேவ் ஃபைலை ஒருமுறை திறங்கள். முதல் இருபது நிமிடம் கை தடுமாறும், ஓநாய் மறுபடி கடிக்கும், ஓரிரு முறை செத்துப்போவீர்கள். பதினான்கு குப்பிகள் இருக்கின்றன, தாராளமாகச் செலவழியுங்கள். அந்த இரும்புச் சாவி எந்தக் கதவைத் திறக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்