சின்னத் தங்கக் கட்டி அசலா போலியா? கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

1 கிராமிலிருந்து 1 அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) வரையிலான சின்னக் கட்டிகளை வீட்டிலேயே சோதிக்க முடியுமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தங்கத்தின் மாற்று, அதாவது தரம், பார்ப்பது இருபது வருடத்துக்கு மேலாக என் தொழில். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: சார், என்னிடம் 10 கிராம் கட்டி ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் விற்றார், ரசீது இல்லை. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. தங்கம்தானே?

பதில்: ஒட்டியிருந்தால் தங்கமில்லை என்று அடித்துச் சொல்லியிருப்பேன். ஒட்டாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செம்பு, பித்தளை, ஈயம், வெள்ளி எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. போலி செய்கிறவனுக்கு இது தெரியாதா என்ன? காந்தம் சோம்பேறித் திருடனை மட்டும்தான் பிடிக்கும்.

உங்கள் 10 கிராம் கட்டிக்குத் தண்ணீர்ச் சோதனைதான் சரி. அடுத்த பதிலில் விவரமாகச் சொல்கிறேன். செய்துவிட்டு என்ன எண் வந்தது என்று எழுதுங்கள்.

கேள்வி: தண்ணீரில் போட்டு அடர்த்தி பார்ப்பது என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது? அளவுக் குவளையில் போட்டால் தண்ணீர் மட்டம் உயர்ந்ததே தெரியவில்லை.

பதில்: தெரியாதுதான். 10 கிராம் தங்கத்தின் கன அளவு அரை மில்லிலிட்டர் சொச்சம். குவளைக் கோடுகளில் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. மட்டத்தை விட்டுவிடுங்கள், தராசிடம் வேலையைக் கொடுங்கள்.

0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு வேண்டும். சமையலறைத் தராசு உதவாது. முதலில் கட்டியை மட்டும் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கட்டியை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் படக்கூடாது, ஓரத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டுவது கட்டி ஒதுக்கிய தண்ணீரின் எடை. தண்ணீர் ஒரு மில்லிலிட்டர் ஒரு கிராம் என்பதால், அதுதான் கட்டியின் கன அளவும். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

சுத்தத் தங்கத்துக்கு 19.3 வரவேண்டும். 22 காரட் என்றால் ஏறக்குறைய 17.7, கலந்த உலோகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின்னாகும். ஈயம் 11.3, வெள்ளி 10.5, செம்பு 9-க்குச் சற்றுக் கீழே, பித்தளை 8.5 அளவில். இடைவெளி எவ்வளவு பெரிது பாருங்கள். முலாம் பூசிய பித்தளை இந்தச் சோதனையில் தப்பவே முடியாது.

கேள்வி: அண்ணே, நீங்கள் சொன்னபடி செய்தேன். 5 கிராம் கட்டிக்குத் தராசு 5.00 என்றே காட்டுகிறது. அடர்த்தி 1 வருகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை தம்பி, கட்டி கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டது. அதனால் முழு எடையும் தராசில் இறங்கிவிட்டது. நூலைக் கையில் பிடிக்காமல் ஒரு குச்சியில் கட்டி, குச்சியை இரண்டு பக்கமும் உயரமான எதன் மேலாவது வையுங்கள். அந்தத் தாங்கல் தராசின் மேல் நிற்கக்கூடாது, வெளியே நிற்க வேண்டும். அசல் என்றால் 0.26 அளவில் வரும்.

கேள்வி: என்னுடையது வெறும் 1 கிராம். ஒரு தடவை 0.05, இன்னொரு தடவை 0.06, பிறகு 0.04. எதை நம்புவது?

பதில்: எதையும் நம்பாதீர்கள். 1 கிராம் தங்கம் ஒதுக்கும் தண்ணீர் 0.052 கிராம்தான். தராசு கடைசி இலக்கத்தில் ஒன்று தவறினாலே அடர்த்தி 16-க்கும் 25-க்கும் நடுவே ஊசலாடும்.

இந்த அளவில் வெர்னியர் காலிபர்தான் கைகொடுக்கும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து பெருக்குங்கள். உதாரணமாக 15 மி.மீ. நீளம், 8.5 மி.மீ. அகலம் உள்ள 1 கிராம் தங்கத் தகடு 0.4 மி.மீ. தடிமன்தான் இருக்கும். அதே நீள அகலத்தில் பித்தளை 1 கிராம் வரவேண்டும் என்றால் தடிமன் 0.9 மி.மீ.க்கு மேல் போய்விடும். எழுத்துகள் புடைத்திருப்பதாலும் மூலைகள் வளைந்திருப்பதாலும் கணக்குக் கொஞ்சம் பிசகும், ஆனால் இரண்டு மடங்கு பிசகாது. போலிக்காரனுக்கு எடையைச் சரியாக வைத்தால் தடிமன் ஏறும், தடிமனைச் சரியாக வைத்தால் எடை குறையும். எடையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களை நம்பித்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது.

கட்டியைத் தயாரித்த ஆலை அளவுகளை வெளியிட்டிருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கட்டியின் மேல் '24 காரட் தங்கம், 100 மில்' என்று அச்சிட்டிருக்கிறது. எடை 1 அவுன்ஸ். விலை மட்டும் மிகக் குறைவு. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இங்கே மில் என்பது முலாமின் கனம், தங்கத்தின் அளவு அல்ல. பளபளப்பாக ஒரு பூச்சு, உள்ளே செம்போ பித்தளையோ. ஒரு விதத்தில் அவர்கள் உண்மையைத்தான் அச்சிட்டிருக்கிறார்கள், படிப்பவர் தப்பாகப் படிக்க வேண்டும் என்பதற்காக! 'ஜி.பி.', 'ஹெச்.ஜி.இ.', 'ஜி.எஃப்.' என்ற எழுத்துகளும் இந்த வகைதான். மூன்றுமே மேலே மட்டும் தங்கம் என்று சொல்பவை.

அசல் கட்டியில் பொதுவாக ஆலையின் பெயர் அல்லது முத்திரை, எடை, 999 அல்லது 999.9 என்ற தரம் (ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பது) இருக்கும். பலவற்றில் வரிசை எண்ணும் இருக்கும். கட்டியைப் பொதிந்து வரும் அட்டையிலும் வரிசை எண் அச்சிட்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: சீல் வைத்த அட்டையோடு வாங்கினேன். சோதிக்க அட்டையைப் பிரிக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பிரித்த கட்டியைத் திரும்ப வாங்கும்போது சிலர் விலையைக் குறைப்பார்கள். பிளாஸ்டிக்கின் மேலிருந்தே மின்கடத்து திறனை அளக்கும் கருவிகள் உண்டு. பெரிய வியாபாரிகள் வைத்திருப்பார்கள். ஆனால் அட்டையையே சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தங்கத்தைப் போலி செய்வதைவிட அட்டையைப் போலி செய்வது சுலபம்.

கேள்வி: கடித்துப் பார்த்தால் பல் பதிய வேண்டுமாமே?

பதில்: ஈயம் தங்கத்தைவிட மென்மை. பல் இன்னும் நன்றாகப் பதியும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஐயா, 999.9 என்று போட்ட கட்டியில் செம்மண் நிறத்தில் ஒரு புள்ளி வந்திருக்கிறது. தங்கம் கறுக்காது, துருப்பிடிக்காது என்பார்களே?

பதில்: பயப்பட வேண்டாம். அச்சடிக்கும்போது மேலே ஒட்டிய வெள்ளி, செம்புத் துகள்கள் நாளடைவில் காற்றோடு வினைபுரிந்து இப்படிப் புள்ளி விடும். அசல் தங்க நாணயங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கவலைப்பட வேண்டியது வேறு: மூலைகளிலும் விளிம்புகளிலும் தோல் உரிந்தது போல வேறு நிறம் தெரிந்தால், பச்சை படர்ந்தால், அது முலாம். தேய்மானம் முதலில் மூலையில்தான் தெரியும், அதனால் லென்ஸை அங்கே வையுங்கள்.

கேள்வி: உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டால் முடிவாகத் தெரிந்துவிடாதா?

பதில்: 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்ற பேச்சே உரைகல்லிலிருந்து வந்ததுதான். கல்லில் இழுத்த கோட்டின் மேல் அமிலம் விட்டால், தரத்துக்குத் தக்கபடி கோடு நிற்கும் அல்லது கரையும். பழகிய கண்ணுக்கு இதில் நிறையத் தெரியும். ஆனால் கல்லில் ஒட்டுவது மேல்தோல் மட்டும். கனமான முலாமாக இருந்தால் கோடும் அசல் போலவே நிற்கும். அதனால்தான் நாங்கள் ஓரத்தில் அரத்தால் கொஞ்சம் அறுத்து, உள்பக்கத்தைத் தேய்ப்போம். அட்டைக் கட்டியில் அப்படிச் செய்ய யாருக்கும் மனம் வராது. வீட்டில் நைட்ரிக் அமிலத்தைத் தொடவே வேண்டாம். அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது.

கேரட் மீட்டர் என்கிற எக்ஸ்-ரே கருவிக்கும் ஏறக்குறைய இதே குறை. அது படிப்பது மேலே சில மைக்ரான் ஆழத்தை மட்டும். திரையில் 99.9 என்று வந்தால், மேல்தோல் 99.9 என்று படியுங்கள். எக்ஸ்-ரேயும் தண்ணீரும் ஒரே பதிலைச் சொன்னால் மட்டும் நான் தலையாட்டுவேன்.

கேள்வி: டங்ஸ்டன் கலப்படம் தண்ணீர்ச் சோதனையிலும் தப்பிவிடும் என்று படித்தேன்.

பதில்: தப்பிவிடும். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தங்கம் 19.32. 10 கிராமுக்குத் தண்ணீரில் வரும் வித்தியாசம் 0.002 கிராம், உங்கள் தராசுக்கு அது தெரியவே தெரியாது. 2012-இல் நியூயார்க்கில் 10 அவுன்ஸ் கட்டிகளின் உள்ளே டங்ஸ்டன் வைத்திருந்தது பிடிபட்டது. டங்ஸ்டனைக் காட்டிக்கொடுப்பது ஒலியும் மின்சாரமும். தங்கத்துக்குள் ஒலி நொடிக்கு 3,240 மீட்டர் வேகத்தில் போகும், டங்ஸ்டனில் 5,200. மின்கடத்து திறனிலோ தங்கத்தில் பாதிகூட டங்ஸ்டனுக்குக் கிடையாது. மீயொலிக் கருவி தடிமனான கட்டிக்குப் பொருந்தும். காகிதம் போன்ற 1 கிராம் தகட்டில் டங்ஸ்டனை ஒளிக்க யாரும் அவ்வளவு மெனக்கெடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கூலிக்கே கட்டாது.

கேள்வி: தங்கம் அசல், முத்திரை மட்டும் போலி என்று இருக்குமா?

பதில்: இருக்கிறது. 2019-இல் பேர்பெற்ற சுவிஸ் ஆலைகளின் முத்திரையைப் போலியாக அடித்த ஒரு கிலோ கட்டிகள் வெளியே வந்தன. உள்ளே இருந்தது நல்ல தங்கம். எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கத்தான் அந்த வேடம். எந்த அடர்த்திச் சோதனையும் இதைக் காட்டாது. எழுத்தின் கூர்மை, வரிசை எண், வாங்கிய ரசீது இவைதான் துணை.

கேள்வி: முதலில் கேட்ட 10 கிராம் நான்தான் சார். 0.56 வந்தது. வகுத்தால் 17.9. கட்டியில் 999 என்று இருக்கிறது. 22 காரட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இருக்கலாம், ஆனால் அவரைத் திட்டுவதற்கு முன் இன்னொரு தடவை செய்யுங்கள். கட்டியில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கன அளவு கூடுதலாகக் காட்டும், அடர்த்தி குறையும். எழுத்துகளின் பள்ளத்தில் குமிழி நன்றாகப் பதுங்கும். தண்ணீரில் ஒரு சொட்டுத் திரவ சோப்பு விடுங்கள், கட்டியை உள்ளே மெதுவாக ஆட்டுங்கள், நூலை இன்னும் மெல்லியதாக்குங்கள். மூன்று தடவை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: 0.52, 0.52, 0.51. குமிழிதான் சார்! இனி நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: பித்தளை, ஈயம், 22 காரட் மூன்றும் கணக்கிலிருந்து போய்விட்டன. மிச்சம் டங்ஸ்டன் ஒன்றுதான். உங்களிடம் ரசீது இல்லாததால், மின்கடத்து திறன் பார்க்கும் கருவி இருக்கிற இடத்தில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். கட்டியை வெட்டவோ உரசவோ வேண்டியதில்லை, கருவியில் வைத்து எடுத்தால் போதும். ரசீது இருந்திருந்தால் அதுகூட வேண்டாம் என்றிருப்பேன்.