ஒரே தெரு, இரண்டு வரி: சொத்து வரி பற்றி உங்கள் கேள்விகள்

ஒரு நகராட்சியின் வருவாய்ப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து, 2022-இல் ஓய்வு பெற்றேன். பில் கலெக்டராக வீடு வீடாக ஏறி இறங்கிய காலத்தில் எல்லாத் திண்ணையிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் கம்மி?" இங்கே வந்திருப்பவையும் பெரும்பாலும் அதேதான்.

கேள்வி: ஐயா, என் வீடு பள்ளிக்கரணையில், தங்கை வீடு மேடவாக்கத்தில். இரண்டும் 1,000 சதுர அடி. அவளைவிட நான் பல மடங்கு கட்டுகிறேன். இது நியாயமா?

2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. பள்ளிக்கரணைப் பேரூராட்சி அப்போது சேர்ந்தது. மேடவாக்கம் ஊராட்சியாகவே நின்றது. அந்தக் கோடுதான் உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது.

ஊராட்சி போடுவது வீட்டு வரி. 1994 ஊராட்சிகள் சட்டப்படி வருவது. கூரையா, ஓடா, கான்கிரீட்டா, எத்தனை சதுர அடி என்று பார்த்துப் போடுவார்கள். மாநகராட்சி போடுவது சொத்து வரி. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன வரும் என்று ஒரு மதிப்பு போட்டு, அதில் ஒரு பங்கு. சட்டமும் வேறு, கணக்கும் வேறு. தெருவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடு இருப்பதை அந்தக் கணக்குகள் பார்ப்பதில்லை.

நியாயமா என்று கேட்டீர்கள். தண்ணீர் லாரிக்கும் கழிவுநீர் லாரிக்கும் மாதம் என்ன கொடுக்கிறார் என்று தங்கையிடம் கேளுங்கள். உங்கள் தெருவில் குழாயும் பாதாளச் சாக்கடையும் ஒழுங்காக இருந்தால் வித்தியாசம் ஓரளவு சுருங்கிவிடும். இல்லை, நீங்களும் லாரிக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்றால், உங்கள் கோபம் நியாயமானது. அதை வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு வீடும் மாநகராட்சிக்குள்தான். ஆனாலும் நாலு தெரு தள்ளினால் வரி மாறுகிறதே சார்?

ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. சென்னையில் 1998 சீராய்வில் குடியிருப்புக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை வைத்தார்கள். 1,000 சதுர அடி வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தெருவில் மாத மதிப்பு 600 ரூபாய், இன்னொரு தெருவில் 2,400. தள்ளுபடிகளைக் கழிப்பதற்கு முன்பே நாலு மடங்கு. பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு வேறு. அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 2022 உயர்விலும் பழைய சென்னைக்கு ஒரு சதவீதம், எங்கள் பகுதிக்கு ஒரு சதவீதம். ஏன்?

பழைய மாநகரில் 600 சதுர அடி வரை 50, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் ஏற்றினார்கள். 2011-இல் சேர்ந்த பகுதிகளில் அது 25, 50, 75, 100. எனக்கு இதில் பெரிய அநியாயம் தெரியவில்லை. பழைய சென்னையில் கடைசிச் சீராய்வு 1998. மற்ற நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் 2008. நடுவில் 2018-இல் ஒரு தடவை ஏற்றி, அடுத்த வருடமே நிறுத்தி வைத்தார்கள். 2008-இலேயே ஏற்றம் வாங்கியவர்களுக்கு இந்தத் தடவை குறைவு.

என் ஆதங்கமெல்லாம் இருபத்துநாலு வருடம் தொடாமல் விட்டதில்தான். அத்தனை காலம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு ஒரே நாளில் 150 சதவீதம் என்று சீட்டு நீட்டினால், ஓய்வூதியத்தில் இருக்கும் பெரியவர் என்ன செய்வார்? வருடா வருடம் கொஞ்சம் ஏறினால் யாருக்கும் வலிக்காது.

கேள்வி: பல்லாவரத்தில் கன்டோன்மென்ட் பகுதிக்கு ஏன் தனி வரி அண்ணா?

கன்டோன்மென்ட் என்பது ராணுவப் பகுதி. அது மாநில அரசின் உள்ளாட்சியே இல்லை. பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட் வாரியம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சட்டம் 2006 கன்டோன்மென்ட் சட்டம். வரியை அவர்களே போட்டு அவர்களே வசூலிக்கிறார்கள்.

கேள்வி: பக்கத்து ஊராட்சியில் வரி எங்களைவிடக் குறைவு, ஆனால் ரோடு பளபளவென்று இருக்கிறது. எங்களுக்கு வரியும் அதிகம், ரோடும் இல்லை. எப்படி?

அங்கே தொழிற்சாலையோ பெரிய கல்லூரியோ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். ஒரு ஆலை கட்டும் வரி நூற்றுக்கணக்கான வீடுகளின் வரிக்குச் சமம். அங்கே வேலை செய்பவர்களின் தொழில் வரியும் அந்த உள்ளாட்சிக்கே போகும். சாப்பாட்டுச் செலவைப் பெரிய அண்ணன் பார்த்துக்கொள்ளும் வீடு மாதிரி அது.

சில ஊர்களில் நேர் எதிர். ஊரில் பாதி நிலம் ரயில்வே, மத்திய அரசு அலுவலகங்கள். அரசியல் சட்டம் 285-ஆவது பிரிவின்படி மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட முடியாது. மிச்சமிருக்கும் வீடுகள்தான் எல்லாவற்றையும் சுமக்கின்றன.

கேள்வி: எங்கள் கிராமத்தை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்களாம். நல்லதா ஐயா?

வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த, மனையெல்லாம் வீடாகிவிட்ட ஊர் என்றால் நல்லது. ஊராட்சியின் கையிருப்பை வைத்துப் பாதாளச் சாக்கடை போட முடியாது. விவசாயக் கூலிகள் அதிகம் என்றால் நான் வேண்டாம் என்பேன். நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் வேலை உறுதித் திட்டம் ஊரகத்துக்கு மட்டும்தான். சேர்ந்தால் அது போய்விடும். காலிமனைக்கும் வரி வரும். கிராம சபையில் இதையெல்லாம் கேட்டு, தீர்மானத்தில் எழுத வையுங்கள்.

கேள்வி: எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே அளவு, ஒரே தெரு, ஒரே வருடம் கட்டியது. வரி மட்டும் வேறு. இதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும் அம்மா. யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள், அல்லது தப்பாகப் பதிந்திருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு பாட்டி கேட்புச் சீட்டோடு வந்து மேசைக்கு முன்னால் அழுதார். பதிவேட்டில் 1,850 சதுர அடி. டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். முன் அறை, கூடம், பின்னால் தகரம் போட்ட சமையற்கட்டு. அவ்வளவுதான் வீடு. அளந்தால் 1,160. பாகப்பிரிவினையில் தம்பிக்குப் போன பகுதியும் இவர் பெயரிலேயே நின்றிருந்தது. எங்கள் ஊர்க் கணக்கில் 1,800-க்கு மேல் போனால் 100 சதவீத ஏற்றம், 1,200-க்குள் 50 தான். தன்னுடையது இல்லாத சுவருக்கு அவர் பல வருடம் கட்டியிருக்கிறார்.

அதனால் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். பரப்பளவு, குடியிருப்பா வணிகமா, கட்டிய வருடம் மூன்றையும் பாருங்கள். தப்பு இருந்தால் பத்திர நகலும் வரைபடமும் வைத்து ஆணையருக்கு மனு கொடுத்து, நேரில் வந்து அளக்கச் சொல்லுங்கள். அளக்கும்போது வீட்டில் ஒருவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.