தூங்குமூஞ்சி மரத்துக்கு மணி தெரியுமா?

தாவரங்களின் நேர உணர்வு பற்றி இம்முறை வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

ஜார்ஜ்டவுனில் எங்கள் தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்தை மலாய் நண்பர்கள் ‘புக்குல் லீமா’, அதாவது ‘ஐந்து மணி’ என்று அழைக்கிறார்கள். நல்ல வெளிச்சம் இருக்கும்போதே அது இலைகளை மூடத் தொடங்குவது எப்படி? (வாசகர், பினாங்கு)

மிகச் சரியான இடத்தைக் கவனித்திருக்கிறீர்கள். 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தபோது, வெயிலே படாத நிலையிலும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடின. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1832இல், சுவிஸ் தாவரவியலாளர் தெ காந்தோல் அதே செடியை இடைவிடாத வெளிச்சத்தில் வைத்து, ஒரு சுற்றுக்கு 22 முதல் 23 மணி நேரமே ஆவதைக் கண்டார். வெளியிலிருந்து ஏதோ ஒரு குறிப்பு செடிக்கு எட்டியிருந்தால் சுற்று சரியாக 24 மணி நேரமாக இருந்திருக்க வேண்டும். அது குறைந்து நின்றதுதான் கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று.

உங்கள் மரத்தில் இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பின் ஒரு பக்கச் செல்களில் பொட்டாசியம் அயனிகளும் நீரும் புகுந்து, மறுபக்கச் செல்களிலிருந்து வெளியேறுவதால் இலை அசைகிறது. இதை 1970களில் ரூத் சாட்டர் இதே மரத்தின் இலைகளைக் கொண்டே விரிவாக ஆராய்ந்தார். மழை மூட்டத்திலும் இலை மூடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிச்சமும் உட்கடிகாரமும் சேர்ந்தே இலையை நடத்துகின்றன. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தியது என்பதால், அந்தப் பெயர் பிறந்த காலத்து ஐந்து மணி இன்றைய ஐந்து மணி அல்ல. மரமோ அன்றும் இன்றும் சூரியனைத்தான் பின்பற்றுகிறது.

மரபணு என்பது புரதம் செய்வதற்கான குறிப்புதானே? அது எப்படி நேரம் காட்டும்? (பல்கலைக்கழக மாணவி, கோலாலம்பூர்)

எந்த மரபணுவும் தனியாக நேரம் காட்டுவதில்லை. ஒன்று மற்றொன்றை அடக்குவதும், அந்தப் பிடி தளர்வதற்கு ஆகும் தாமதமுமே கடிகாரம். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடோப்சிஸ் என்ற சிறு செடியில் இது தெளிவாகத் தெரிகிறது. விடியலில் சிசிஏ1, எல்எச்ஒய் என்ற இரண்டு விடியல் மரபணுக்களின் புரதங்கள் பெருகி, மாலைக்குரிய மரபணுக்களை அடக்கி வைக்கின்றன. பகல் ஏற ஏற பிஆர்ஆர்9, பிஆர்ஆர்7, பிஆர்ஆர்5 ஆகிய மரபணுக்களின் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விடியல் மரபணுக்களை ஒடுக்குகின்றன. விடியல் புரதங்கள் சிதைந்து குறைந்ததும் டிஓசி1 என்ற மாலை மரபணுவின் புரதம் எழுந்து, விடியல் மரபணுக்கள் முன்கூட்டியே விழித்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறது. இருட்டில் அந்த டிஓசி1 புரதமும் சிதைக்கப்படுவதால், இரவின் கடைசியில் தடை நீங்கி, அடுத்த விடியலுக்கான சுற்று தொடங்குகிறது.

டிஓசி1 விடியல் மரபணுக்களைத் தூண்டுகிறது என்று உங்கள் பாடநூலில் இருந்தால், அது பழைய கருத்து. அது அடக்கும் புரதமே என்பது 2012இல் உறுதியானது. இந்த மரபணுவைக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. கோலசிலாங்கூர் ஆற்றங்கரையில் மின்மினிகளைப் பார்த்திருப்பீர்கள். மின்மினியை ஒளிரச் செய்யும் நொதியின் மரபணுவைச் செடிக்குள் ஏற்றி, செடியின் ஒளி கூடிக் குறையும் தாளத்தை அளந்தபோது, 21 மணி நேரத்திலேயே சுற்றை முடித்துவிடும் செடிகள் அகப்பட்டன. 1995இல் வெளியான அந்த ஆய்விலிருந்துதான் டிஓசி1 வெளிச்சத்துக்கு வந்தது.

கேமரன் மலையின் செவ்வந்தித் தோட்டங்களில் இரவில் விளக்கு எரிவது ஏன்? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

செவ்வந்தி நீண்ட இரவில் பூக்கும் செடி. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால், விளக்கில்லாமல் விட்டால் தண்டு நீளும் முன்பே மொட்டு வைத்துவிடும். அத்தகைய பூவுக்குச் சந்தையில் விலை கிடைக்காது. இரவை இடையில் வெளிச்சத்தால் முறித்தால், பூப்பதைத் தடுக்கும் ஒரு புரதத்தை இலை உண்டாக்குகிறது. அந்த வெளிச்சம் எந்த நேரத்தில் பட்டால் பலிக்கும் என்பதைச் செடி, இருட்டத் தொடங்கியதிலிருந்து கணக்கிடுகிறது.

அடுக்குமாடி வீட்டில் தக்காளி வளர்க்கிறேன். 24 மணி நேரமும் விளக்குப் போட்டால் வேகமாக வளருமா? (வாசகர், செராஸ்)

வேண்டாம். இடைவிடாத வெளிச்சத்தில் தக்காளியின் இலைகள் வெளிறிக் கெடும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2005இல் அராபிடோப்சிஸ் செடிகளை 20, 24, 28 மணி நேர ‘நாள்’களில் வளர்த்தபோது, உட்கடிகாரமும் வெளி நாளும் ஒத்துப்போன செடிகளில்தான் பச்சையம் கூடுதலாகவும் வளர்ச்சி நன்றாகவும் இருந்தன. விளக்கு தானாக அணையும்படி ஒரு டைமர் பொருத்தி, தினமும் ஒரே நேரத்தில் எட்டு மணி நேர இருட்டுக் கொடுங்கள்.