நன்றாகப் பராமரித்த 1962 ஜாகுவார் மார்க் 2 இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் இங்கேதான் இருக்கிறேன். மூன்று வருடம் முன்பு நண்பருக்காக இதே மாதிரி ஒரு 3.8 லிட்டர் வண்டி பார்க்கப் போனோம். கரும்பச்சை, சிவப்புத் தோல் இருக்கை, மர டேஷ்போர்டு, கம்பிச் சக்கரம். கதவைத் திறந்ததுமே நண்பர் விலை பேசத் தயாராகிவிட்டார். நான் குனிந்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டில் (இங்கே சில் என்பார்கள்) காந்தத்தை வைத்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது. அரை அடி தள்ளி வைத்தேன், அங்கேயும் அதே கதை. துருப்பிடித்துப் போன இடத்தில் தடிமனாகப் பட்டி பார்த்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விற்பவர் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இந்த வண்டிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. அதனால் சில், ஜாக்கி வைக்கும் இடம், முன்பக்கக் குறுக்குச் சட்டம் மாட்டும் இடம், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் உட்காரும் இடம், இதிலெல்லாம் துரு என்றால் வெட்டி வெல்டிங் வைத்து மாளாது.

எஞ்சினைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த ஜாகுவாரின் சி-டைப், டி-டைப் பந்தய வண்டிகளில் இருந்த அதே எக்ஸ்கே என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின் வம்சம், உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. 3.8க்கு 220 குதிரைத்திறன், மணிக்கு 125 மைல், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 1959இல் வந்த நாலு கதவு காருக்கு இது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். நன்றாகச் சூடான பிறகு நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஆயில் பிரஷர் 40 பிஎஸ்ஐ பக்கம் நிற்கிறதா பாருங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டினால் அங்கே ஆயிலைத் தடுக்கும் பின் சீலை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும், விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள். அப்புறம், உங்கள் வண்டி 1962 என்பதால், மேனுவல் கியர் என்றால் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் சத்தமில்லாமல் விழ வேகத்தைச் சமன் செய்யும் அமைப்பு) இருக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டுக் கரகரவென்று சத்தம் வந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், நின்ற பிறகு போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. 40 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு இங்கே எம்ஓடி (வருடா வருடம் வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும்) சோதனை கட்டாயமில்லை. விற்பவர் இதை ஒரு சலுகை மாதிரி சொல்வார். எனக்கென்னவோ, பல வருடமாக யாரும் அடியில் படுத்துப் பார்க்கவில்லை என்றுதான் காதில் விழும். "எம்ஓடி எடுத்துவிடலாம், செலவு என்னுடையது" என்று சொல்லிப் பாருங்கள், அவர் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

நண்பர் அன்று வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதம் கழித்து பெயின்ட் மங்கிய, இருக்கை கிழிந்த ஒரு 3.4 வாங்கினார், அடித்தகடு முழுக்க அசல். இருக்கை மேல் இன்னும் பெட்ஷீட் விரித்துத்தான் உட்கார்ந்து ஓட்டுகிறார்.