சோலார், சம்பளம், வரிச் சலுகை: சேலம் வாசகர்களுக்குப் பதில்கள்

வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். வருமான வரியில் கழிக்கலாமா? (அஸ்தம்பட்டி)

முடியாது. வீட்டுக்கு உள்ளது பி.எம். சூர்யகர் மானியம்தான், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கும் பேனல், அதற்குள் இருக்கும் சோலார் செல் இரண்டும் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் பில்லைப் படியுங்கள்.

தறிக்கூடத்துக் கூரையில் சோலார் போட்டால் 40 சதவீதத் தேய்மானமாமே? மார்ச்சில் போட்டாலும் உண்டா? (கொண்டலாம்பட்டி)

உண்டு. தேய்மானம் என்பது பொருளின் விலையில் ஒரு பங்கை வருடா வருடம் செலவாகக் கழிப்பது. ஆனால் அந்த வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதிதான், 20 சதவீதம். பேனலைக் கூரையில் ஏற்றிய தேதி செல்லாது, மின்சாரம் வர ஆரம்பித்த தேதிதான் கணக்கு. அக்டோபர் பிறப்பதற்குள் ஓட விடுங்கள்.

காப்பித் தோட்டத்தில் பல்ப்பர் (பழத்தோல் நீக்கும் இயந்திரம்) ஓட்ட சோலார் வாங்கினால் வரி எவ்வளவு குறையும்? (ஏற்காடு)

சொந்தக் காப்பியைப் பதப்படுத்தி விற்றால் வருமானத்தில் 25 சதவீதம்தான் வரிக்கு வரும். தேய்மானத்தின் பலனும் அந்தக் கால் பங்கோடு நின்றுவிடும். வரிக்காக வாங்காதீர்கள், டீசல் எவ்வளவு மிச்சமாகும் என்று பாருங்கள்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பத்துப் பேரைப் புதிதாகச் சேர்த்தேன். சலுகை உண்டா? (ஆத்தூர்)

சம்பளம் எவ்வளவு, எப்படிக் கொடுக்கிறீர்கள், பி.எஃப். உண்டா? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் எப்படி? புதிதாக ஆள் சேர்ப்பவருக்குச் சலுகை தரும், பழைய வருமான வரிச் சட்டத்தின் 80ஜேஜேஏஏ பிரிவு கேட்பதே இந்த மூன்றையும்தான். சம்பளம் மாதம் 25,000க்குள் இருக்க வேண்டும், வங்கி வழியாகப் போக வேண்டும், பி.எஃப். கணக்கு வேண்டும். வருடத்தில் 240 நாள் வேலை, போன வருடத்தைவிட ஆள் எண்ணிக்கை கூடுதல், கணக்குத் தணிக்கை இவையும் வேண்டும். தலா 15,000 என்றால் பத்துப் பேருக்கு வருடம் 18 லட்சம். அதில் 30 சதவீதம், 5 லட்சத்துக்கு மேல், மூன்று வருடம் உங்கள் வருமானத்தில் கூடுதலாகக் கழியும். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் விஷயம் இதுதான்.

வருடா வருடம் சொல்கிறேன். ஆனாலும் என் மேஜைக்கு வருவது சனிக்கிழமைக் கூலி நோட்டுதான். பென்சிலில் பெயர், எதிரே தொகை, ஓரத்தில் ஒரு கைநாட்டு. ரொக்கக் கூலிக்கு இந்தச் சலுகை ஒரு பைசா கிடையாது. பி.எஃப். கட்டுப்படியாகாது என்கிறார்கள். 15,000 சம்பளத்துக்கு முதலாளி மாதம் கட்டுவது சுமார் 1,950. வரி 30 சதவீதம் கட்டுகிறவருக்கு இந்தப் பிரிவால் மட்டும் ஆளுக்கு மாதம் 1,350 மிச்சம். கட்டுகிற பி.எஃப்.பும் செலவுக் கணக்கில் கழியும். ஈர மாவுக்கு நடுவே நாள் முழுக்க நிற்கிற ஒரு மனிதருக்கு வயதான காலத்தில் கையில் நாலு காசு இருக்கும். இதைக் கெடுப்பது அந்த நோட்டுதான். அப்புறம், ஆகஸ்ட் முதல் வாரம் தாண்டிச் சேர்த்தால் இந்த வருடம் 240 நாள் வராது. அடுத்த வருடம்தான் கணக்கில் வருவார்கள்.

புதிதாகப் பேனல் கம்பெனி தொடங்கினால் 15 சதவீத வரி போதுமா? (ஓமலூர்)

அது முடிந்துவிட்டது. 2024 மார்ச் 31க்குள் உற்பத்தி தொடங்கியிருக்க வேண்டும்.

சோலாருக்கு ஜி.எஸ்.டி. குறைந்ததா? (அம்மாப்பேட்டை)

2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு 5 சதவீதம். பொருத்தும் வேலையும் சேர்ந்தால் மொத்தத்தில் 9 சதவீதம் போல வரும். பில்லைப் படியுங்கள், பழைய 12 போட்டிருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்குங்கள்.