பெட்டியோடு சென்னை ஹார்பர் வரை: புதுச்சேரி, கடலூர்க்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கப்பல் பயணம் போகிறவர்கள் டிக்கெட்டை அவர்களே எடுத்துவிடுகிறார்கள். "ஹார்பருக்கு எப்படிப் போறது?" என்று கேட்கத்தான் என்னிடம் வருகிறார்கள். ஒரே மாதிரி கேள்விகள் சேர்ந்துவிட்டன, அதனால் மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன். மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில்தான் சொகுசுக் கப்பல் பெரும்பாலும் சென்னைக்கு வருகிறது. ஜூன் பிறந்தாலே என் கடையில் இந்தப் பேச்சுதான்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அக்கா: நாங்க நாலு பேர், பெரிய பெட்டி மூணு, கைப்பை நாலு. குறைஞ்ச செலவில் எப்படிப் போறது?

அக்கா, புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகிற செலவு பெரிய விஷயமே இல்லை. ரயிலில் போனால் ஒருவருக்கு நூறு ரூபாய்க்குள், சாதாரண பஸ்ஸில் இருநூறுக்குள் முடிந்துவிடும். காசும் முதுகும் போவது சென்னையில் இறங்கின பிறகு வருகிற கடைசி நாலைந்து கிலோமீட்டரில்தான். அதனால் எதில் ஏறலாம் என்று யோசிக்காமல், எது நம்மை எங்கே இறக்கிவிடும் என்று பாருங்கள்.

ஹார்பர் இருப்பது ராஜாஜி சாலையில். அந்தச் சாலையை ஒட்டியே சென்னை பீச் ஸ்டேஷன், வெளியே வந்தால் பர்மா பஜார். எழும்பூரிலிருந்து பீச்சுக்கு லோக்கல் ரயிலில் மூன்றே ஸ்டேஷன்: பார்க், கோட்டை, பீச். ஆகவே புதுச்சேரியிலிருந்து அதிகாலை ஐந்தரை மணி வாக்கில் கிளம்பும் எழும்பூர் எக்ஸ்பிரஸ்தான் என் முதல் யோசனை. பத்து மணிக்குள் எழும்பூர். கப்பலில் ஏறும் நேரம் பெரும்பாலும் மதியத்தை ஒட்டி இருப்பதால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். விழுப்புரம் சுற்றிப் போகிற ரயில்தான், ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பஸ்ஸைவிட தூரம் அதிகம். ஆனால் பெட்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்து போகலாம். கிளம்புகிற நேரத்தை அந்த வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு பேராக இருந்தால் எழும்பூரில் லோக்கல் ரயில் ஏறச் சொல்லமாட்டேன். மேம்பாலப் படி ஏறி, இறங்கி, கூட்டத்தில் மூன்று பெட்டியைத் தூக்கிப்போட்டு ஏறுவது வீண் வேலை. வெளியே வந்து ஆப்பில் ஒரு வேன் மாதிரி வண்டி போட்டுக்கொள்ளுங்கள். நாலு பேருக்குப் பங்கு போட்டால் டீ, வடை காசு.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தம்பி: நான் தனி ஆள், முதுகுப் பை ஒண்ணு, சின்ன ட்ராலி ஒண்ணு. எனக்கும் அதேதானா?

உனக்கு லோக்கல் ரயிலே போதும். எழும்பூர் டு பீச் 5 ரூபாய் டிக்கெட். பீச்சில் இறங்கி, நீ நுழைய வேண்டிய ஹார்பர் கேட் பக்கத்தில் இருந்தால் நட, இல்லையென்றால் ஆட்டோ பிடி.

ட்ராலி பற்றி ஒரு விஷயம். மூன்று வருஷம் முன்பு என் தங்கை குடும்பத்தை வழியனுப்பப் போனேன். பெட்டி நானே வாங்கிக் கொடுத்தது, தெருவோரத்தில் மலிவாகப் பேசி முடித்தது. எழும்பூர் படியில் டக் டக்கென்று இழுத்துக்கொண்டு இறங்கினேன். ஏழாவது படியில் சக்கரம் கழன்று, பந்து மாதிரி குதித்துக் குதித்து எனக்கு முன்னாலேயே கீழே போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஹார்பர் வரை அந்த 20 கிலோவைத் தோளில் சுமந்தது நான்தான். படியில் ட்ராலியை இழுக்காதே, தூக்கு. தூக்க முடியாத பெட்டி என்றால் வீட்டிலேயே பாதியை வெளியே எடுத்து வைத்துவிடு.

கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர்: எங்க ஊர் ஸ்டேஷன் பேரே போர்ட் ஜங்ஷன். கப்பல் இங்கேயே வராதா?

கேலிக்குத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் வெளியூர்க்காரர் ஒருவர் நிஜமாகவே என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறார். இல்லை அண்ணே, அது பழைய துறைமுகத்தை வைத்து வந்த பெயர். நீங்கள் திருப்பாதிரிப்புலியூர் போய் ரயில் ஏறுங்கள். உழவன் எக்ஸ்பிரஸில் நடு ராத்திரி ஏறினால் விடியற்காலையில் சென்னை. சோழன் எக்ஸ்பிரஸ் பகல் வண்டி, சாயங்காலம்தான் கொண்டுபோய் விடும். அதில் போவதானால் முந்தின நாளே கிளம்பி இரவு தங்க வேண்டும். உழவனில் போனால் லாட்ஜ் செலவு மிச்சம். தூக்கம் கெடும், அது வேறு கணக்கு.

நெய்வேலிப் பக்கம் இருந்து ஒரு அம்மா: எங்களுக்குக் கடலூர் வந்து பஸ்தான் வசதி. கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டால் என்ன செய்வது?

இதுதான் ரொம்பப் பேருக்குத் தலைவலி. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். அதிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஹார்பர் முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவோ டாக்ஸியோ பேசினால், கடலூரிலிருந்து வந்த பஸ் காசைப்போல பல மடங்கு கேட்பார்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கிளாம்பாக்கத்திலிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம், அங்கிருந்து பீச் லோக்கல். டிக்கெட் 10 ரூபாய். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியாகப் பார்த்து ஏறினால் பெட்டியைக் கால் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே போகலாம். காலை எட்டிலிருந்து பத்தரை வரை மட்டும் வேண்டாம்மா. ஆபீஸ் கூட்டத்தில் உங்கள் பெட்டி ஒரு கம்பார்ட்மென்டிலும் நீங்கள் இன்னொன்றிலும் போவீர்கள்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ். இது கிளாம்பாக்கம் போகாது, திருவான்மியூர் வழியாகக் கோயம்பேடு போகும். கோயம்பேட்டில் பேருந்து நிலையத்தை ஒட்டியே மெட்ரோ ஸ்டேஷன். சென்ட்ரலில் வண்டி மாறி, உயர்நீதிமன்றம் அல்லது மண்ணடி ஸ்டேஷனில் இறங்கினால் ஹார்பர் பக்கத்திலேயே வந்துவிடுவீர்கள். ஏ.சி., லிஃப்ட், எஸ்கலேட்டர், எல்லாம் உண்டு. பெட்டியை ஸ்கேன் மிஷினில் போட்டு எடுப்பார்கள், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. ரொம்பப் பெரிய பெட்டி, அட்டைப்பெட்டி, கயிறு கட்டின மூட்டை எல்லாம் கொண்டுபோனால் தடுப்பார்கள். வயதானவர்கள் கூட வந்தால் மற்ற வழிகளைவிட இதுதான் நல்லது.

வில்லியனூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: திருவான்மியூரில் இறங்கி பறக்கும் ரயிலில் போகலாம் என்கிறார்களே?

போகலாம். திருவான்மியூரிலிருந்து பீச் வரை நேர் வண்டி. நாலாவது ரயில் பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவைத்திருந்தார்கள், 2024 அக்டோபர் கடைசியிலிருந்து மறுபடி பீச் வரை போகிறது. பழைய தகவலை வைத்துக்கொண்டு யாராவது "பீச் போகாது" என்றால் கேட்காதே. பஸ் இறக்கிவிடுவது ஈ.சி.ஆரில், ஸ்டேஷன் இருப்பதோ ராஜீவ் காந்தி சாலையில். நடுவில் ஒரு ஆட்டோ தேவைப்படும். பறக்கும் ரயில் பேருக்கு ஏற்றபடி மேலே இருக்கும், பெட்டியோடு மேலே ஏற வேண்டும். ஒரே பை என்றால் தாராளமாகப் போ.

ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒருவர்: இத்தனை மாறி மாறி ஏறுவதற்குப் பேசாமல் கார் எடுத்துவிட்டால்?

சரி, கணக்கு போடலாம். ஒருவழி டிராப் டாக்ஸி கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வையுங்கள், ஹார்பர் வரை சுமார் 160 கிலோமீட்டர், அதற்கு 2,240. டிரைவர் பேட்டா 400. டோல் தனி. எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தொட்டு நிற்கும். நாலு பேர் என்றால் தலைக்கு 750. வீட்டு வாசலிலிருந்து ஹார்பர் வரை பெட்டியைத் தொடவே வேண்டாம். இரண்டு பேர் என்றால் கட்டாது, நாலு பேரும் ஒரு பாட்டியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பேசும்போதே டோல், பேட்டா, பெர்மிட் உள்ளேயா வெளியேயா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். டிக்கி இருக்கும் வண்டியா என்றும் கேளுங்கள். கேஸ் சிலிண்டர் பொருத்தின கார் வந்தால் டிக்கியில் ஒரு பெட்டிதான் போகும். மற்றது உங்கள் மடியில்.

கேட் நம்பர் என்கிறார்களே, அது என்ன? (இதை ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்)

ஆட்டோவில் ஏறி "ஹார்பர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் அப்படிச் சொல்லித்தான் மாட்டினேன். அவர் பாட்டுக்கு ராயபுரம் பக்கம், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, அதுவும் ஹார்பர்தான். ராயபுரத்திலிருந்து கோட்டைப் பக்கம் வரை நீளமாகக் கிடக்கிற இடம், கேட்டுகள் பல. வெயிலில் திரும்ப வந்தேன், ஆட்டோவுக்கு இரண்டாம் முறை காசு.

உங்கள் போர்டிங் பாஸிலோ, கப்பல் கம்பெனி அனுப்பின மெயிலிலோ கேட் எண் இருக்கும். அதைச் சொல்லி ஏறுங்கள். வெளி வண்டியை உள்ளே விடுவார்களா, கேட்டிலிருந்து பஸ் இருக்கிறதா என்று முன்கூட்டியே கம்பெனியிடம் கேட்டு வையுங்கள். கேட்டில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் நிற்பார்கள். பாஸும் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வேட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, நடுரோட்டில் பெட்டியைத் திறந்து தேடுகிறவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். இலங்கை போகிற கப்பல் என்றால் பாஸ்போர்ட், உள்நாட்டுச் சுற்று என்றால் ஆதார் மாதிரி ஒன்று.

ஆட்டோ மீட்டர் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 2013இல் அரசு நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் காசுக்கு யார் வருகிறார்கள்? ஆப்பில் காட்டும் தொகையைப் பார்த்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

காலாப்பட்டிலிருந்து ஒரு தங்கை: ரயிலில் எவ்வளவு லக்கேஜ் கொண்டுபோகலாம்? பஸ்ஸில்?

ரயிலில் இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோ, ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏ.சி.க்கும் 40 கிலோ இலவசம். பெட்டி அளவு 100 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள். பஸ்ஸில் கண்டக்டர் பார்வைதான் அளவு. அதிகம் என்று பட்டால் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார், கொடுத்துவிடுங்கள். சென்னைக்குள் சாதாரண கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எல்லாம் வேண்டாம்மா. கப்பலில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். எடையும் மிச்சம்.

பாகூரிலிருந்து: புதுச்சேரிக்கே கப்பல் வந்ததே, இங்கேயே ஏறலாமா?

2022இல் வந்தபோது அனுமதி கிடைக்காமல் திரும்பியது. 2025 ஜூலையில் வந்தது, ஆனால் கரையை ஒட்டவில்லை. ஆழ்கடலில் நின்றது, பயணிகளைச் சின்னப் படகுகளில் உப்பளம் துறைமுகத்துக்கு அழைத்துவந்து ஊர் சுற்றிக்காட்டித் திரும்பக் கொண்டுபோனார்கள். அவர்கள் வெளியூரில் ஏறினவர்கள். நீங்களும் சென்னையில்தான் ஏற வேண்டும், பிறகு கப்பலிலிருந்து நம் ஊரையே பார்க்கலாம்.

கடலூரிலிருந்து ஒரு மாமா: யாழ்ப்பாணம் போக நாகப்பட்டினம் கப்பல் என்கிறார்கள். பெட்டியோடு போகலாமா?

மாமா, உங்களுக்கு சென்னையே வேண்டாம். 2023 அக்டோபரில் தொடங்கி நின்றுபோய், 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். நாகையிலிருந்து காங்கேசன்துறை. கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக பஸ்ஸில் நாகை போய்விடலாம். துறைமுகம் ஊருக்குள்ளேயே, ஆட்டோ தூரம். காலையில் கிளம்புகிற கப்பல், முந்தின நாள் இரவே போய் நாகையிலோ நாகூரிலோ தங்கிவிடுங்கள். நாகூரில் மலிவான அறைகள் கிடைக்கும். எடைக் கட்டுப்பாடு கறார், டிக்கெட்டில் போட்டிருக்கிற கிலோவைப் பார்த்துக் கட்டுங்கள். மகள் வீட்டுக்கு முறுக்கு, ஊறுகாய் என்று மூட்டை கட்டுவீர்கள், எனக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் திட்டம் போடாதீர்கள்.

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி: திரும்பி வரும்போது காலையிலேயே கப்பல் இறக்கிவிடும். எங்கள் ரயில் சாயங்காலம். பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எழும்பூர் போய் க்ளோக் ரூமில் போட்டுவிடுங்கள். ரயில் டிக்கெட் காட்ட வேண்டும், பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும். ஜிப்பை இழுத்துவிட்ட பெட்டியை வாங்கமாட்டார்கள், பத்து ரூபாய் பூட்டாவது மாட்டுங்கள். புதுச்சேரி ரயில் மாலை ஆறு மணி வாக்கில்தான். அதுவரை காத்திருக்கப் பிடிக்காவிட்டால் மண்ணடியில் மெட்ரோ ஏறி கோயம்பேடு, அங்கே ஈ.சி.ஆர். பஸ். பின்மதியத்துக்குள் வீடு.

பூட்டுச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், போன சீசனில் ஒருவர் எனக்கு எழும்பூரிலிருந்து போன் போட்டார்.